கத்தி பிடிக்கும் கை

திருச்சிராப்பள்ளி, விரல்களை நம்பிப் பிழைக்கிற ஜனங்கள் நிறைந்த ஊர். உறையூர்த் தறிகளில் அறுந்த இழையைக் கண்டெடுத்து முடிபவர்களும், செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுபவர்களும், பொன்மலை ரயில்வே பணிமனையில் இரும்போடு நாளெல்லாம் போராடுபவர்களும், திருவெறும்பூர்ப் பக்கத்து ஆலைகளில் பற்றவைப்பு வேலை செய்பவர்களும், காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்து வீதிகளிலே பொழுது விடிவதற்கு முன்பே பூத்தொடுக்க உட்கார்ந்துவிடுபவர்களுமாக, கையின் சாமர்த்தியத்தையே மூலதனமாகக் கொண்ட குடும்பங்கள் இங்கே அநேகம். ஆகவே, ஒருவனுக்குக் கையில் பலத்த அடி என்று கேள்விப்பட்டால், உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த மறுகணமே, அவன் பிழைப்பு என்ன ஆகும் என்ற கவலை இவ்வூராரைப் பற்றிக்கொள்வது இயல்பே. அடிபட்டவன் ஒரு மருத்துவ மாணவனாகவும், அறுவை மருத்துவனாக வேண்டும் என்ற ஆசையை மனத்தில் வளர்த்து வந்தவனாகவும் இருந்துவிட்டால், பெற்றோரும் ஆசிரியரும் உறவினரும் ஒரே குரலில், "கத்தி பிடிக்கிற வேலை இனி வேண்டாம், வேறு துறை பார்த்துக்கொள்ளப்பா" என்று சொல்லிவிடுவார்கள். அன்பினால் சொல்லும் வார்த்தைதான். எனினும் அதற்கு விஞ்ஞானத்தில் எவ்வளவு ஆதாரம் உண்டு என்று விசாரித்துப் பார்க்க வேண்டியது அவசியம். ஏனெனில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய அறுவை மருத்துவர்களில் ஒருவருடைய விரல்கள் அந்த வார்த்தையைப் பொய்யாக்கியிருக்கின்றன.

கோவிந்தப்ப வெங்கடசாமி, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்திலே 1918-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி பிறந்தவர். உறவுப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றையொட்டி இறந்துபோனதைச் சிறு வயதில் கண்டவராதலால், பிரசவ மருத்துவராகி அப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்க வேண்டும் என்று உறுதி பூண்டு, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து முடித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் படையிலும் சேர்ந்தார். முப்பது வயது ஆகும் தறுவாயில், 1948-இல், கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. ராணுவ உத்தியோகம் போயிற்று. மாதக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்து எழுந்தபோது, விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயிருந்தன. பேனா பிடிப்பதே பெரும் பிரயாசையாக இருந்தது. ஆயுதம் போட்டுக் குழந்தையை வெளியே எடுக்க வேண்டிய பிரசவ மருத்துவம் இனி நடவாது என்பது தெளிவாகிவிட்டது. அவர் கண் மருத்துவத்துக்குத் திரும்பினார். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பயின்று, 1951-இல் அத்துறையில் பட்டயம் பெற்று, 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். கோணிய அந்த விரல்களைக் கொண்டே தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். ஒரே நாளில் நூறு அறுவை செய்ததும் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976-இல் பதினொரு படுக்கைகளோடு மதுரையில் அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

இவ்வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மனவுறுதி என்ற ஒரே சொல்லில் இதன் காரணத்தை முடித்துவிடுகிறார்கள். அவருடைய உறுதியைப் பற்றி எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால், உறுதி மட்டும் போதுமென்றால் அவர் பிரசவ மருத்துவத்தையே விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கலாமே! ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்ததிலேதான் விஷயம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளக் கையின் அமைப்பையும், அவருக்கு வந்த வியாதியின் போக்கையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு, ஆக ஒரு கையில் இருபத்தேழு எலும்புகள். இவ்வளவு நுட்பமாக அசையும் விரல்களுக்குள்ளே அவற்றை மடக்கும் தசை ஒன்றுகூட இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சித்திரைத் தேரன்று ஸ்ரீரங்கத்தில் வடம் பிடிப்பவர்கள் தேருக்கு வெகு தூரத்தில் நின்று இழுப்பதுபோல, விரலை மடக்குகிற பெருந்தசைகள் முன்கையிலே தங்கியிருந்து, நீண்ட தசைநாண்களின் வழியாக விரல் எலும்புகளை இழுக்கின்றன. உள்ளங்கையில் இருக்கும் சிறுதசைகளோ, அந்த இழுப்பைத் திருத்தி, எந்த மூட்டு எவ்வளவு மடங்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகின்றன. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்பதும் பெரும்பாலும் இச்சிறுதசைகளின் உதவியால்தான். பலமாகப் பற்றுவது ஒரு தொழில், நுனியால் கிள்ளிப் பிடிப்பது வேறு தொழில். அவற்றுக்கு வேண்டிய தசைகளும், மூட்டுகளின் நிலைகளும் வெவ்வேறு.

முடக்குவாதத்தில், சரீரத்தின் காவல் சக்தியே தடம் மாறி, மூட்டுகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கி, குருத்தெலும்பின்மேல் படர்ந்து அதை அரிக்கிறது. மூட்டைக் கட்டியிருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. விரல்கள் அடிமூட்டிலிருந்தே சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன. நடுமூட்டு சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னுமாக வளைந்து அப்படியே நின்றுவிடுகிறது. இந்நாளில் இதற்கு நல்ல மருந்துகள் உண்டு. வெங்கடசாமி படுக்கையில் விழுந்த அதே 1948-ஆம் ஆண்டின் செப்டம்பரில்தான் அமெரிக்காவில் ஃபிலிப் ஹென்ச் என்பவர் முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோனைச் செலுத்திப் பார்த்தார் என்பதை நினைத்தால், காலம் அவருக்கு எவ்வளவு பாதகமாக இருந்தது என்பது புலனாகும். ஆயினும் இவ்வியாதியின் போக்கில் ஒரு விசேஷம் உண்டு. விரலின் கடைசி மூட்டை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. நுனியில் உள்ள தொடு உணர்வும் பெரும்பாலும் அழிவதில்லை. பிடியின் பலமும் வீச்சும் போய்விடுகின்றன, ஸ்பரிசம் மிஞ்சுகிறது.

இப்போது கண்புரை அறுவையைக் கவனிப்போம். திருச்சிக்கும் இது புதிய விஷயமன்று. ஜோசப் கண் மருத்துவமனை 1934 முதல் இவ்வூரில் நடந்து வருகிறது. அக்காலத்து முறையில், கருவிழியின் விளிம்பை ஒட்டி மெல்லிய கத்தியால் அரைவட்டமாகத் திறந்து, புரை விழுந்த லென்ஸை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுத்துவிடுவார்கள். நோயாளி பிற்பாடு தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். கருவிழியின் அகலம் ஏறக்குறைய பதினொன்று, பன்னிரண்டு மில்லிமீட்டர். கனம் அரை மில்லிமீட்டர். கையின் சஞ்சாரம் முழுவதும் இந்தச் சிறு பரப்புக்குள்ளே அடங்கிவிடுகிறது. பலம் வேண்டியதில்லை, பலம்தான் இங்கே சத்துரு. சற்று அழுத்தினால் கண்ணின் உள்ளிருக்கும் பளிங்குக்கூழ் வெளியே பிதுங்கிக் கண்ணே பாழாகிவிடும். மருத்துவர் தம் கையை நோயாளியின் நெற்றியிலோ கன்னத்திலோ ஊன்றிக்கொண்டே வேலை செய்கிறார். ஆரோக்கியமான எந்த மனிதனின் கையும் வினாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை மிக நுண்ணியதாக நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பதால், ஊன்றிய கையைக் காட்டிலும் ஊன்றாத கை எப்போதும் பின்தங்கிவிடும். பட்டை தீட்டும் தொழிலாளியும், கல்லை ஒட்டிய குச்சியைச் சாணையின்மேல் வைக்குமுன் மணிக்கட்டை எங்காவது அணைத்து நிறுத்திக்கொள்கிறார். அப்படி ஒருவர் கையை ஊன்றி, சாணையின் இரைச்சல் மாறுவதைக் காதால் கேட்டே அழுத்தத்தைக் குறைத்ததை அருகில் நின்று பார்த்தபோது, கண் மருத்துவர்களின் கை நினைவுக்கு வந்தது.

ஆக, வெங்கடசாமியின் கை எதை இழந்ததோ அதைக் கண் மருத்துவம் அதிகம் கேட்கவில்லை. அது எதைக் கேட்டதோ அது அவரிடம் மிஞ்சியிருந்தது. மிச்சத்தைத் தம் விரல்களுக்கேற்ற கருவிகளாலும், சலியாத அப்பியாசத்தாலும் அவர் நிறைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அவருடைய மருத்துவமனையில் ஒரே அரங்கில் இரண்டு மேஜைகள் போட்டு, ஒரு நோயாளிக்கு அறுவை முடியும்போதே அடுத்தவரைச் செவிலியர் ஆயத்தப்படுத்தி வைப்பதும், மருத்துவர் தாம் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்துவிட்டு மறு மேஜைக்குத் திரும்புவதுமான ஒழுங்கு உலகப் பிரசித்தி பெற்றது. ஓர் அசைவையும் வீணாக்கக்கூடாது என்ற இந்தச் சிக்கனத்தில், ஒவ்வோர் அசைவுக்கும் வலியைத் தாங்கிய ஒரு கையின் அனுபவமும் கலந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அப்பியாசம் என்று சொன்னேன். கோணிய விரலில் அப்பியாசம் என்ன மாறுதலைச் செய்கிறது? மூட்டு நிமிர்ந்துவிடுவதில்லை. மாறுவது மூளை.

ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் ராஜகோபுரத்துக்குச் சற்றுத் தள்ளிப் பூ விற்கும் ஒரு மூதாட்டியின் கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்காமல் விறைத்து நின்றன. வாழைநாரின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் இடுக்கிக்கொண்டு, மல்லிகை மொட்டுகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, மற்றவர்கள் சுட்டுவிரலால் போடும் சுருக்கை மோதிரவிரலின் பக்கவாட்டால் போட்டு, கட்டைவிரலால் அழுத்தி இறுக்கினார். அவர் தொடுத்த சரத்தையும் பக்கத்துக் கூடைக்காரியின் சரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், முடிச்சுக்கு முடிச்சு உள்ள இடைவெளியில் எந்த வித்தியாசமும் காண முடியவில்லை.

வழி மாறியும் முடிவு மாறாத இத்தன்மையை அளந்து காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் பெர்ன்ஷ்டைன். 1920-களில், சுத்தியல் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களை அவர் சலனப்படம் பிடித்து ஆராய்ந்தபோது, ஒவ்வோர் அடியிலும் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் கோணங்கள் மாறிக்கொண்டே இருந்தும், சுத்தியலின் முனை மட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழுவதைக் கண்டார். மூளை இன்ன தசையை இவ்வளவு சுருக்கு என்று ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப இடுவதாக இருந்தால் இப்படி நேராது. அது முடிவை நிர்ணயித்துக்கொண்டு, வழியை அப்போதைக்கப்போது தேடிக்கொள்கிறது. காகிதத்தில் விரல்களாலும் கரும்பலகையில் தோளாலும் எழுதுகிற ஒரே ஆசிரியரின் எழுத்துச் சாயல் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருப்பதற்கும் இதுவே காரணம்.

மூளையின் மேற்பரப்பில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. அவ்விடம் யாருக்கும் சாசனம் எழுதிக் கொடுத்ததன்று. 1984-இல் அமெரிக்காவில் மைக்கேல் மெர்செனிச்சும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில், விரலை இழந்த குரங்கின் மூளையில், இல்லாத விரலுக்குரிய இடத்தைச் சில மாதங்களுக்குள் அண்டை விரல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. நன்றாகத் தேர்ந்த ஒருவனுக்கு விரல் கெட்டால், அவன் கற்றதெல்லாம் அவ்விரலோடு போய்விடுவதில்லை என்பதற்கு இங்கே ஒரு குறிப்பு கிடைக்கிறது.

இந்த உண்மையை நோயாளிகளின் கைகளிலேயே பிரத்தியட்சமாக்கிய ஒருவரும் திருச்சிக்குத் தூரத்தவர் அல்லர். துறையூர்ப் பக்கம் பயணம் செய்பவர்கள் மேற்கே காணும் கொல்லிமலையில், 1914-இல், ஒரு பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கற்பட்டில் தொழுநோயாளி ஒருவருடைய முடங்கிய கை தம் கையை வலிக்க வலிக்க இறுகப் பற்றியதைக் கண்டு, இக்கை செத்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்டது தவறு என்று உணர்ந்தார். நரம்பு செயலிழந்ததால் உள்ளங்கையின் சிறுதசைகள் ஓய்ந்திருந்தன; முன்கைப் பெருந்தசைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆகவே நல்ல தசை ஒன்றின் நாணை இடம் மாற்றி, ஓய்ந்த தசையின் வேலைக்கு அதைத் தைத்துவிட்டார். தொடக்கத்தில் நோயாளி பழைய அசைவை நினைத்தால்தான் புதிய அசைவு பிறக்கும். பயிற்சி முற்ற முற்ற, நினைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் விரல் அசையத் தொடங்கிவிடும்.

அதே பிராண்டின் கீழே பயின்றவர் மேரி வர்கீஸ். 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் தண்டுவடம் முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போனார். அவருடைய கைகள் நன்றாக இருந்தன. ஆனால், நிற்க முடியாதவர் அறுவை செய்வது எப்படி? கை அறுவை என்பது மருத்துவர் உட்கார்ந்தபடியே செய்வது என்பதைப் பிராண்ட் எடுத்துக்காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறைக்குத் தலைமை வகித்தார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். வெங்கடசாமிக்கும் இவருக்கும் பொருந்துகிற நியாயம் ஒன்றே. சரீரத்தில் எது போயிற்று என்று கேட்பதோடு நிற்காமல், எந்த வேலைக்கு எது வேண்டும் என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

எல்லாக் கையும் எல்லா அறுவைக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. மேஜையில் மயங்கிக் கிடப்பவருடைய உயிர் அக்கையை நம்பியிருக்கிறது. மூட்டு விறைப்பைக் காட்டிலும் ஸ்பரிச இழப்பு அபாயகரமானது. திசுவின் தன்மையை விரல் நுனி உணராவிட்டால், கண் ஓரளவுக்குத்தான் ஈடுசெய்யும். மணிக்கட்டில் நடுநரம்பு அறுபட்டவர் அதை நன்றாகத் தைத்துக்கொண்டாலும், நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், விரல் நுனிக்கு உணர்வு திரும்ப அரை வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். அதற்கு முன்னே செய்யும் எந்தத் தீர்ப்பும் அவசரத் தீர்ப்பு. பெருமூட்டை மாற்றும் எலும்பு அறுவைக்குத் தோள்பலம் வேண்டும். நுண்ணோக்கியின் கீழே செய்யும் அறுவைக்குக் கட்டைவிரலும் அதற்கு எதிரே நிற்கும் உணர்வுள்ள ஒரு விரலும் முக்கியம். துளைவழி அறுவையில் கைப்பிடியின் அமைப்பையே ஒருவருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வலக்கை பழுதுபட்ட இளைஞர் இடக்கையைப் பழக்குவதும் நடக்கக்கூடியதே. அதற்கு வருஷக்கணக்கான பொறுமை வேண்டும்.

இவ்வளவு வேற்றுமைகள் இருக்கையில், இந்நாட்டு மருத்துவக் கல்விக்கான வழிகாட்டு விதிகள் ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்து வந்தன. மருத்துவம் படிக்க விரும்பும் உடற்குறையுடையோருக்கு இரண்டு கைகளும் முழுமையாகவும், உணர்ச்சியும் போதிய வலுவும் அசைவும் உடையனவாகவும் இருக்க வேண்டும் என்பதே அவ்விதி. வெங்கடசாமி இவ்விதியின் காலத்தில், வியாதி வந்த பிறகு, கல்லூரி வாசலில் வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் பதறுகிறது. 2025 பிப்ரவரி 21 அன்று, நீதிபதிகள் கவாய், கே. வி. விஸ்வநாதன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, இந்த நிபந்தனை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில் வந்த மற்றொரு தீர்ப்பு, ஊனத்தின் சதவீதத்தை மட்டும் காட்டி ஒருவரை விலக்கக்கூடாது என்றும், அவர் படிப்பைத் தொடர அக்குறை உண்மையிலேயே தடையாக நிற்குமா என்பதை மருத்துவ வாரியம் ஆராய்ந்து, தடை என்றால் அதற்குரிய காரணத்தையும் எழுத்தில் பதிய வேண்டும் என்றும் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

காரணம் எழுத வேண்டும் என்றாகிவிட்டால், வாரியத்தினர் கையைப் பார்த்ததோடு நில்லாமல் அளந்தும் பார்த்தாக வேண்டும். விரல் நுனியில் ஆறு மில்லிமீட்டருக்குள் வைத்த இரு முனைகளை இரண்டென்று உணர முடிகிறதா, கிள்ளிப் பிடிக்கும் வலு எவ்வளவு, கட்டைவிரல் எந்த விரல்களை எட்டுகிறது, பயிற்சித் தோலில் ஊசி ஏற்றி முடிச்சிட எத்தனை நிமிஷம் பிடிக்கிறது, மூன்று மாதம் பழகிய பிறகு அந்த நேரம் குறைகிறதா என்பவற்றையெல்லாம் அறிய, எந்த மருத்துவக் கல்லூரியிலும் கிடைக்கும் சாதாரணக் கருவிகளே போதும். திருச்சியில் புத்தூர் அரசு மருத்துவமனையை ஒட்டி மருத்துவம் பயிலும் மாணவருக்கு இப்பரீட்சைக்காக ஊரைவிட்டுப் போக வேண்டிய தேவையும் இராது. இவற்றுள் கடைசியாகச் சொன்ன கேள்விக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.